தோண்டாமலே புதுப்பித்தல்

ஒரு நகரத்தின் பெருமையை அதன் மாடமாளிகைகளைக் கொண்டு மதிப்பிடுவது நம் வழக்கம். கடைவீதியும் கோபுரமும் பூங்காவும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆதலால் அவற்றைப் போற்றுகிறோம். ஆனால் அந்நகர மக்கள் நோயின்றி வாழ்வதற்குத் துணையாக நிற்பவை தெருவுக்கு அடியில் மறைந்து கிடக்கின்றன. வீடுதோறும் வெளியேறும் கழிவுநீரை வாங்கி ஊருக்கு அப்பால் கொண்டு சேர்க்கும் பாதாளச் சாக்கடைக் குழாய்களையே சொல்கிறேன். அவை செவ்வனே வேலை செய்யும் வரையில் அவற்றை நினைப்பவர் எவரும் இல்லை. அவை பழுதுற்ற அன்றோ, ஊரார் வேறு எதையும் நினைக்க முடிவதில்லை.

ஜப்பான் நாட்டில் தோக்கியோ மாநகருக்கு அருகே யாஷியோ என்றொரு நகரம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் காலை, அந்நகரின் சாலைச் சந்திப்பு ஒன்றில் தரை திடீரென்று உள்வாங்கியது. அவ்வழியே வந்த லாரி பள்ளத்தில் விழுந்தது. அதை ஓட்டி வந்தவர் 74 வயது முதியவர். பள்ளம் நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போனதால் மீட்புப் படையினரால் அவரை நெருங்க இயலவில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் சென்ற பின்னரே அவருடைய உடலை வெளியே எடுக்க முடிந்தது. இதற்கிடையே, பன்னிரண்டு நகராட்சிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 12 லட்சம் மக்கள், குளிப்பதையும் துணி துவைப்பதையும் குறைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். சுமார் 10 மீட்டர் ஆழத்தில் செல்லும், 4.75 மீட்டர் விட்டமுள்ள கழிவுநீர்க் குழாய் சேதமுற்று, மேலிருந்த மண் அதனுள் இறங்கிவிட்டதே இதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. அக்குழாய் பதிக்கப்பட்டது 1983ஆம் ஆண்டில்தான்.

மண்ணுக்குள் அசையாமல் கிடக்கும் குழாய் ஏன் கெடவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். முதற் காரணம் சாக்கடைக்குள்ளேயே பிறக்கிறது. காற்றுப் புகாத அடிவண்டலில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் என்று நாம் சொல்வது இவ்வாயுவின் நாற்றமே. அது மேலெழுந்து குழாயின் உட்கூரையில் படிகிறது. அங்கே, ஈரத்தில் வாழும் வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடுகின்றன. அந்த அமிலம் சிமெண்டைச் சிறிது சிறிதாகத் தின்கிறது. ஆகவே கான்கிரீட்டுக் குழாய் நீர் ஓடும் அடிப்பகுதியில் திடமாக இருக்க, நீர் படாத மேற்பகுதியில் நைந்துபோகிறது.

சுட்ட களிமண் குழாய்களை இந்த அமிலம் எளிதில் தொடுவதில்லை. ஆனால் அவற்றுக்கு மூட்டுக்களே பலவீனம். மூட்டில் ஊசி நுழையும் இடைவெளி இருந்தால் போதும். ஈரத்தைத் தேடி வரும் மரவேர் அதனுள் புகுந்து, பருத்து, குழாயை விரிசலுறச் செய்கிறது. விரிசல் வழியே நிலத்தடி நீர் உள்ளே கசிகிறது. கசியும் நீர் தனியே வருவதில்லை. நுண்மணலையும் உடன் அழைத்து வருகிறது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் மண் கரைந்து செல்லச் செல்ல, குழாயைச் சுற்றி ஒரு வெற்றிடம் வளர்கிறது. மேலே தார்ச்சாலை மட்டும் ஒரு வளைவுபோல் நின்று வண்டிகளைத் தாங்குகிறது. ஒரு நாள் அதுவும் தாங்காமல் போகிறது.

பழைய குழாயை மாற்றுவதற்கு மனிதன் நெடுங்காலம் அறிந்திருந்த வழி ஒன்றே: தெருவைத் தோண்டுவது. பார்வைக்கு இது எளிய வேலை. ஆனால் கழிவுநீர் தன் எடையாலேயே ஓடவேண்டும்; அதற்குக் குழாய் சரிவாகச் செல்லவேண்டும். சரிவாகச் செல்லும் குழாய் போகப்போக ஆழமாகிறது. நான்கு மீட்டர், ஐந்து மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் எடுக்கும்போது, மேலே குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் குறுக்கே வருகின்றன. ஒதுக்கி வைக்க இடமில்லாத மண் மேடாகக் குவிகிறது. கடைகளுக்கு வாடிக்கையாளர் வர இயலாது; நோயாளியை ஏற்றிய வண்டி சுற்றிக்கொண்டு போகவேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து பள்ளத்துக்குள் நிற்பவருக்கு நேர்வது. ஒரு கனமீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்கும் மேல். முட்டுக் கொடுக்காத பள்ளத்தின் சுவர் சரிந்தால், மார்பளவு புதைந்தவர்கூட மூச்சு விட முடியாமல் இறந்துபோகலாம். உலகெங்கும் குழாய் வேலையில் இத்தகைய மரணங்கள் நிகழ்ந்தே வந்திருக்கின்றன.

எனவே, தோண்டாமலே பழைய குழாயின் இடத்தில் புதுக் குழாயைப் பெறுவதற்கு வழி உண்டா என்ற கேள்வி எழுந்தது. இதற்குக் கிடைத்த விடைகள் பல. அவற்றுள் முக்கியமான சிலவற்றை இங்கே பார்ப்போம்.

எந்த வைத்தியத்துக்கும் முன்னால் நோயை அறியவேண்டும். சாக்கடை வேலையில் அதற்குரிய கருவி, சக்கரங்களின் மேல் ஊர்ந்து செல்லும் சிறு காமிரா. தெருவில் உள்ள ஆள்நுழைவுக் குழி ஒன்றின் வழியாக அதை இறக்கி, அடுத்த குழி வரையில் ஓட்டுவார்கள். மேலே வண்டியில் அமர்ந்திருக்கும் பொறியாளர் திரையில் படத்தைப் பார்த்து, எத்தனையாவது மீட்டரில் விரிசல், எங்கே வேர், எங்கே வீட்டு இணைப்பு என்று குறித்துக்கொள்கிறார். மனிதன் நுழையக்கூடாத இடத்துக்கு அவன் கண் மட்டும் போய் வருகிறது.

தோண்டாத முறைகளில் பழமையானது, பழைய குழாய்க்குள் அதைவிடச் சிறிய புதுக் குழாயை நுழைத்துவிடுவது. வாளுக்கு உறை போல, பழையது புதியதைச் சுற்றி நிற்கும். இரண்டுக்கும் இடையே உள்ள சந்தில் சிமெண்டுக் குழம்பை நிரப்பிவிடுவார்கள். எளிமையும் உறுதியும் உள்ள முறைதான். ஆயினும் குழாயின் உள்ளளவு குறைந்துவிடுகிறது. நூறு வீடுகளுக்குப் போடப்பட்ட குழாயில் இன்று ஐந்நூறு வீடுகளின் நீர் ஓடும்போது, இருக்கும் இடத்தையும் இழப்பது எல்லா ஊருக்கும் கட்டுபடியாகாது.

இவ்விடத்தில்தான் லண்டன் மாநகரின் வரலாறு நமக்கு உதவுகிறது. 1858ஆம் ஆண்டுக் கோடையில், தேம்ஸ் நதியில் கலந்த கழிவின் துர்நாற்றம் பார்லிமெண்டு மண்டபத்துக்குள்ளேயே வீசியது. உறுப்பினர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சாக்கடைத் திட்டத்துக்குப் பணமும் அனுமதியும் விரைவில் கிடைத்தன. ஜோசப் பசல்ஜெட் என்ற தலைமைப் பொறியாளர் செங்கல்லாலும் போர்ட்லண்ட் சிமெண்டாலும் பெரும் நிலத்தடிக் கால்வாய்களைக் கட்டி முடித்தார். அந்தத் தலைமுறையின் செங்கற் சாக்கடைகள் ஒரு நூற்றாண்டு உழைத்தன. நூறாண்டு உழைத்த செங்கல்லும் தளரும் அல்லவா?

1971ஆம் ஆண்டில், கிழக்கு லண்டனின் ஹாக்னி பகுதியில், மார்ஷ் லேன் என்னுமிடத்தில் அத்தகைய சாக்கடை ஒன்று புதுப்பிக்கப்பட்டது. முட்டை வடிவமுள்ள அந்தச் செங்கற் சாக்கடைக்கு வயது ஏறத்தாழ நூறு. புதுப்பித்த நீளம் சுமார் 70 மீட்டர். எரிக் வுட் என்ற ஆங்கிலேயர் ஒரு புதிய உபாயம் கண்டிருந்தார். திடமான குழாயை உள்ளே தள்ளுவதற்குப் பதிலாக, துணியைப் போல் துவளும் பொருள் ஒன்றை உள்ளே செலுத்தி, அங்கேயே அதைக் குழாயாக இறுகச் செய்வது என்பதே அவருடைய எண்ணம். அடர்ந்த கம்பளம் போன்ற செயற்கை இழைத் துணியால் நீண்ட உறை தைத்து, அதைப் பிசினில் ஊறவைத்துச் சாக்கடைக்குள் செலுத்தினார்கள். அது செங்கற் சுவரோடு படிந்து இறுகிற்று. 'இருந்த இடத்திலேயே' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களைக் கொண்டு அம்முறைக்கு 'இன்சிட்டுஃபார்ம்' என்று பெயரிட்டார். 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

பின்னர்ப் பரவிய முறையை ஓர் உவமையால் விளக்கலாம். தலையணை உறையைத் தைத்து முடித்தவுடன், உட்புறம் வெளியே வருமாறு அதைப் புரட்டுகிறோம். அதைப் போலவே, பிசின் ஊறிய உறையின் ஒரு முனையை ஆள்நுழைவுக் குழியின் மேல் ஒரு வளையத்தில் இறுகக் கட்டி, உறைக்குள் நீரை ஊற்றுகிறார்கள். நீரின் எடை உறையைப் புரட்டிக்கொண்டே முன்னோக்கித் தள்ளுகிறது. உள்ளிருந்த பிசின்பக்கம் வெளியே வந்து பழைய குழாயின் சுவரில் அழுந்துகிறது. வெளியிலிருந்த வழவழப்பான பக்கம் உள்ளே போய் நீரோடும் பாதையாகிறது. புரண்டு செல்வதால் உறை சுவரோடு உராய்வதில்லை. வளைவுகளிலும் தடையின்றிச் செல்கிறது. உறை மறுமுனையை அடைந்தபின், உள்ளே உள்ள நீரைச் சூடாக்கிச் சுற்றிவரச் செய்கிறார்கள். சூடு பட்டவுடன் பிசின் இறுகத் தொடங்கி, சில மணி நேரத்தில் கல்போல் ஆகிவிடுகிறது. இக்காலத்தில் வெந்நீருக்குப் பதிலாக நீராவியும், கண்ணாடி இழை உறைகளுக்குப் புற ஊதா விளக்கும் பயன்படுகின்றன.

சூட்டினால் இறுகும் பிசின் ஆகையால், வேலைக்கு வரும் வழியிலேயே அது இறுகிவிடும் அபாயம் உண்டு. அதனால் ஊறவைத்த உறையைக் குளிரூட்டிய வண்டியில் கொண்டு வருகிறார்கள். நேரம் தவறினால் சரக்கு வண்டியிலேயே கட்டையாகிவிடும்.

உறை இறுகியபின் இன்னொரு வேலை மிஞ்சி நிற்கிறது. வழியில் உள்ள வீட்டு இணைப்புக்களின் வாய்களையெல்லாம் அது மூடியிருக்குமே! அவ்விடங்களில் உறை சற்றே குழிந்து காணப்படும். சிறு வெட்டுங்கருவி ஒன்று காமிராவுடன் உள்ளே ஊர்ந்து சென்று, முன்பு குறித்து வைத்த அளவுகளைப் பார்த்து, ஒவ்வொரு வாயையும் உள்ளிருந்தே வட்டமாக வெட்டித் திறக்கிறது. முதல் ஆய்வில் ஓர் இணைப்பைக் குறிக்கத் தவறினால், மறுநாள் காலையில் ஒரு வீட்டின் குளியலறையில் நீர் தேங்கி நிற்கும். பெரிய தொழில் நுட்பமும் சிறிய கவனத்தை நம்பியே நிற்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஹாக்னியின் உறை நிலைத்ததா? இருபது ஆண்டுகள் கழித்து, 1991ஆம் ஆண்டில், அதிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சோதித்தார்கள். உறுதி குன்றாமல் இருக்கக் கண்டார்கள். உறையின் கனத்தால் உள்ளளவு சிறிது குறைவது மெய்யே. ஆயினும் மூட்டும் கரடும் இல்லாத வழவழப்பான பரப்பில் நீர் விரைந்து ஓடுவதால், அந்த இழப்புப் பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது.

ஆனால் பழைய குழாய் நொறுங்கிப்போயிருந்தால் என்ன செய்வது? அல்லது ஊர் வளர்ந்து, பெரிய குழாயே வேண்டியிருந்தால்? அதற்கும் விடை இங்கிலாந்திலேயே கிடைத்தது. 1970களின் பிற்பகுதியில், பூமிக்கடியில் இருந்த மூன்று, நான்கு அங்குல வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களை மாற்றுவதற்காகப் பிரிட்டிஷ் எரிவாயு நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு முறை உருவாக்கப்பட்டது. அது பின்னர்ச் சாக்கடைக்கும் வந்து சேர்ந்தது. குழாயை உடைத்து மாற்றும் முறை என்று அதைச் சொல்லலாம்.

விறகு பிளப்பவர் ஆப்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆப்பு நுழைய நுழைய மரம் இரு புறமும் விலகுகிறது. இம்முறையிலும் கூம்பு வடிவமான இரும்புத் தலை ஒன்று பழைய குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. அதன் முன்முனை குழாயைவிடச் சிறியது, பின்முனை பெரியது. அது முன்னேற முன்னேறக் குழாய் துண்டு துண்டாக உடைந்து சுற்றியுள்ள மண்ணில் அழுந்துகிறது. தலையின் பின்னாலேயே புதிய பாலிஎத்திலீன் குழாய் கட்டப்பட்டு, உண்டான வழியில் உடன் வருகிறது. 150 மில்லிமீட்டர்க் குழாய் இருந்த வழியில் 200 மில்லிமீட்டர்க் குழாயை இவ்வாறு இழுத்துவிடலாம். சில யந்திரங்கள் காற்றழுத்தத்தால் சம்மட்டிபோல் இடித்துச் செல்கின்றன. சில, நீரியல் விசையால் இரும்புத் தண்டுகளை நிதானமாக இழுக்கின்றன.

புதுக் குழாயின் துண்டுகளை மேலேயே ஒன்றாக்கிவிடுகிறார்கள். இரு முனைகளையும் 200 பாகை செண்டிகிரேடுக்கு மேல் சூடேறிய தகட்டில் வைத்து உருக்கி, உடனே ஒன்றோடொன்று அழுத்தினால், ஆறியபின் மூட்டு எது, குழாய் எது என்று பிரிக்க இயலாதபடி ஒன்றாகிவிடும். மூட்டுத்தான் பழைய குழாயின் பகை என்று சொன்னேன். புதிய குழாயில் அந்தப் பகைக்கு இடமில்லை.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. உடையக்கூடிய களிமண், வார்ப்பிரும்பு ஆகியவற்றுக்கு இது ஏற்றது. உருக்குக் குழாய் உடையாது, அதைக் கீறிப் பிளக்கத் தனிக் கத்தி வேண்டும். விலகும் மண் எங்கேயாவது செல்லவேண்டும் ஆதலால், ஆழம் குறைவான இடத்தில் சாலை மேலெழும்பக்கூடும். அருகிலுள்ள குடிநீர்க் குழாய் நெரிபடவும் கூடும். குழாயை இறக்கவும் இழுக்கவும் இரு முனைகளில் பள்ளம் வேண்டும். ஒவ்வொரு வீட்டு இணைப்பையும் மேலிருந்து தோண்டித்தான் மீண்டும் பொருத்தவேண்டும். ஆகவே 'தோண்டாத முறை' என்ற பெயரைச் சற்றுத் தளர்த்தியே பொருள்கொள்ள வேண்டும். நூறு மீட்டர் நீளப் பள்ளத்துக்குப் பதிலாகச் சில சிறு குழிகள் என்பதே அதன் உண்மையான இலாபம்.

மிகப் பெரிய சாக்கடைகளுக்கு மற்றொரு முறை ஜப்பானில் 1980களில் உருவாயிற்று. கிராமத்துப் பிள்ளைகள் தென்னை ஓலையைச் சாய்வாகச் சுற்றிச் சுற்றி ஊதல் செய்வார்கள். அதே வித்தைதான். நீண்ட பிளாஸ்டிக் பட்டையை ஆள்நுழைவுக் குழி வழியாக விட்டு, ஒரு யந்திரம் அதைப் பழைய சாக்கடைக்குள் திருகுபோல் சுற்றி, ஓரத்தோடு ஓரம் பூட்டிக்கொண்டே போகிறது. உருவாகும் குழாய்க்கும் பழைய சுவருக்கும் இடையே சிமெண்டுக் கலவை நிரப்பப்படுகிறது. கழிவுநீர் ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும்போதே இவ்வேலையைச் செய்யலாம் என்பது இதன் சிறப்பு. ஒரு நாள்கூட நிறுத்த இயலாத பெருஞ்சாக்கடைகளுக்கு இது பெரிய உதவி.

பழைய வழியே கூடாது, முற்றிலும் புதிய வழி வேண்டும் என்றால், ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குக் குழாய்களை நீரியல் விசையால் மண்ணுக்குள் தள்ளிச் செல்லலாம். 1896 முதல் 1900 வரையிலான காலத்திலேயே அமெரிக்காவில் வட பசிபிக் ரயில்வேயார் தண்டவாளத்தின் அடியில் இவ்வாறு குழாய் தள்ளினார்கள். 1970களில் ஜப்பானியர் அதன் முன்னே மண் துளைக்கும் யந்திரத்தை வைத்து, மேலிருந்தே அதைச் செலுத்தக் கற்றார்கள்.

இத்தனை முறைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? விரிசலும் கசிவும் மட்டும் உள்ள, உருக்குலையாத குழாய்க்கு உறை போதும். நொறுங்கிய குழாய்க்கும் சிறிதாகிவிட்ட குழாய்க்கும் உடைத்து மாற்றல் பொருந்தும். ஆனால் குழாய் நடுவில் தொய்ந்து சரிவை இழந்திருந்தால், அதற்குள் எவ்வளவு அழகான உறையைச் செலுத்தினாலும் உறையும் தொய்ந்தே நிற்கும். கழிவுநீர் வினாடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் வேகத்திலேனும் ஓடினால்தான் வண்டல் படியாது. தொய்வில் நீர் தேங்கும்; வண்டல் படியும்; அழுகும் வாயு மீண்டும் பிறக்கும். அத்தகைய இடத்தில் மண்வெட்டியே சரியான மருந்து. புதிய முறை ஒன்று கையில் இருக்கிறது என்பதற்காகப் பழைய முறையை இகழ்வது அறிவுடைமை ஆகாது.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லவேண்டும். உறைமுறையில் பெரும்பாலும் பயன்படும் பாலியெஸ்டர்ப் பிசினில் ஸ்டைரீன் என்னும் ஆவி உண்டு. இறுகும் நேரத்தில் அது சாக்கடை வழியே வீடுகளுக்குள் புகக்கூடும். வீட்டுக் குழாய்களின் அடியில் நீர் நிற்கும் வளைவு அதைத் தடுப்பதற்கே அமைந்தது. நெடுநாள் புழங்காத குளியலறையில் அவ்வளைவு வற்றியிருக்கும். தெருவில் வேலை நடக்கும் நாளில் அங்கே ஒரு குவளை நீரை ஊற்றிவைப்பது நல்லது. வேலை செய்வோருக்கோ நல்ல காற்றோட்டமும் முகக் காப்பும் இன்றியமையாதவை.

இச்செய்தி நமக்கு எட்டாத தொலைவில் உள்ளதன்று. சென்னை மாநகரின் பழைய சாக்கடை அமைப்பு, மேட்லி என்ற பொறியாளர் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருப்பெற்றது. நம் நாட்டிலும் நூறாண்டு கடந்த குழாய்கள் உண்டு. அவை அடைத்துக்கொள்ளும்போது மனிதனை உள்ளே இறக்கும் கொடுமையும் உண்டு. சிமெண்டைத் தின்னும் அமிலத்துக்கு மூலமான அந்த வாயுவே, மூடிய குழிக்குள் இறங்குபவனைச் சில நொடிகளில் மயக்கிக் கொன்றுவிடுகிறது. காப்புக் கருவிகள் இன்றி மனிதனைச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது. அங்கே உயிரிழந்தோர் குடும்பத்துக்குப் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2023ஆம் ஆண்டில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்வதைவிட, அதைக் கொடுக்கவேண்டிய தேவை இல்லாமற் போவதே நாம் விரும்பத்தக்கது. வேர் புகாத, வண்டல் படியாத, வழவழப்பான குழாய் எளிதில் அடைத்துக்கொள்வதில்லை. அடைக்காத குழாய்க்குள் எவரும் இறங்க வேண்டியதில்லை. காமிராவும் வெட்டுங்கருவியும் இறங்கும் இடத்தில் ஒரு தாயின் மகன் இறங்கவேண்டிய அவசியம் என்ன?

இவ்வேலைக்குச் செலவு உண்டு. யந்திரமும் பயிற்சியும் வேண்டும். அவற்றைக் கணக்கிடும்போது பள்ளத்தால் மூடப்பட்ட கடைகளையும், சுற்றிச் சென்ற வண்டிகளையும், சரிந்த மண்ணையும், விஷவாயுவையும் சேர்த்தே கணக்கிடவேண்டும். குழாய் உடையும் வரையில் காத்திருந்து, பள்ளம் விழுந்தபின் தேடும் மருந்து எப்போதும் விலை மிகுந்தது. உடையும் முன்னரே பார்த்து, குறித்து, வரிசைப்படி புதுப்பிக்கும் நகரம், தன் மக்களின் உயிருக்கு உரிய மதிப்பை அளிக்கிறது. நம் ஊரில் ஏதேனும் ஒரு தெருவில் ஆள்நுழைவுக் குழியருகே ஒரு வண்டி நின்று, தரையடியில் கிடக்கும் குழாயைச் சிலர் திரையில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், போக்குவரத்துக்கு இடையூறு என்று முகம் சுளிக்காமல் சற்றே விலகிச் செல்வோம். அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது நம் காலடித் தரையைத்தான்.